மூணாவது சாட்சி

என் கடையில எழுதின காயிதம் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க. இருபத்தி ரெண்டு வருசம்! போர்டுல என்னமோ ஜெராக்ஸ், டைப்பிங், பாரம் பூர்த்தி செய்தல்னுதான் எழுதியிருக்கும். ஆனா கொல்லிமலையில இருந்து இறங்கி வர்ற சனம் பஸ்ஸ விட்டு எறங்கினதும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகாது, எங்கிட்டத்தான் வரும். எந்தக் கட்டத்துல என்ன எழுதோணும், எத எழுதவே கூடாதுன்னு எனக்குத் தெரியும். அருள்மொழி அக்கா எழுதினா மறுபேச்சு கிடையாதுன்னு ஆபீசு பியூனே சொல்லுவான். அந்தத் திமிரு எனக்கு நெறைய இருந்துது. அந்தத் திமிருலதான் இளமதி கல்யாணத்துல கை வெச்சேன்.

இளமதி வளப்பூர் நாட்டுப் புள்ள. முப்பது வயசு. மிளகும் சாமையும் வாங்கி விக்கிற சங்கத்துல கணக்கு எழுதற வேலை. அந்தச் சங்கத்துக்கு, சாமையப் பத்திப் படிக்கறேன்னு பெல்ஜியத்துல இருந்து வந்தவன் யோனாஸ். நல்ல உசரம், கதவுல குனிஞ்சுதான் உள்ள வருவான். ரெண்டு வருசம் மலையிலயே கிடந்து, மரவள்ளிக் கிழங்கையும் ராகிக் களியையும் தின்னு, "ஏனுங்க, சௌக்கியமுங்களா"ன்னு பேசக் கத்துக்கிட்டான். அவனுக்கும் இவளுக்கும் புடிச்சுப் போச்சு. ஊரும் ஒண்ணும் சொல்லல. கல்யாணத்த முடிச்சுக் கையில சர்டிபிகேட் வாங்கினாத்தான் இவள அவங்க நாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக முடியும். அதுக்குத்தான் ரெண்டு பேரும் எங்கிட்ட வந்தாங்க.

அவன் கொண்டாந்த பைலப் பாத்து எனக்கே கிறுகிறுன்னு வந்துது. பொறந்ததுக்கு ஒரு சீட்டு. அதுக்கு ஒரு சீல். அந்த சீல் நெசம்தான்னு சொல்றதுக்கு இன்னொரு சீல். அதுக்கு இங்கிலீசுல மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரு யாருன்னு ஒரு சீட்டு, எம்பசியில இருந்து ஒரு கடுதாசி. இத்தனையும் எதுக்குங்கறீங்க? இந்த ஆளு இன்னும் கல்யாணம் ஆகாதவன்னு சொல்றதுக்கு! இளமதி கொண்டாந்தது ஒரு ஆதார், ஒரு பள்ளிக்கூட டீசி, போட்டோ நாலு.

"கல்யாணம் ஆயிருக்குதான்னு ஒரு கட்டம் வரும் கண்ணு"ன்னேன்.

"ஆயிருக்குதுக்கா. தீர்ந்தும் போச்சு"ன்னா.

எனக்குப் பொசுக்குனு ஆயிருச்சு. விசாரிச்சேன். பத்தொம்பது வயசுல ராசுன்னு அதே ஊர்க்காரனக் கட்டியிருக்கா. மூணு வருசம் இருந்தாங்க. அடி இல்ல, குடி இல்ல, ரெண்டு பேருக்கும் ஒத்து வரல, அவ்வளவுதான். ஊர் கூடிச்சு. ஊர்க்கவுண்டர் அண்ணாமலை ஒரு துரும்பக் கிள்ளி ஆளுக்குப் பாதியாக் குடுத்தாரு. ரெண்டு பேரும் கீழ போட்டாங்க. இவ தாலியக் கழட்டிக் குடுத்தா. எல்லாரும் உக்காந்து ஒண்ணா சோறு தின்னுட்டு எந்திரிச்சுப் போனாங்க. மறு வருசம் ராசு ராமாயியக் கட்டிக்கிட்டான். இப்ப ரெண்டு கொழந்தைங்க. பஸ்ஸுல கூட்டமா இருந்தா ராமாயி தன்னோட சின்னப் புள்ளைய இளமதி மடியிலதான் உக்கார வெப்பா. கீழ இருக்கற நமக்குத்தான் இதெல்லாம் கண்ணு விரியும், அவங்களுக்கு அது ஒரு விசயமே இல்ல.

"நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்கக்கா"ன்னா இளமதி.

"சரி கண்ணு"ன்னு சொல்லிட்டு, இங்கிலீசுல 'திருமணம் ஆகாதவர்'னு டைப் பண்ணினேன்.

நான் வேற என்ன பண்ணட்டும்? விவாகரத்து ஆனவள்னு எழுதினா கோர்ட்டுத் தீர்ப்பு எங்கேம்பாங்க. துரும்பையா கொண்டு போய்க் காட்டறது? கல்யாணம் பதிவும் இல்ல, பிரிஞ்சது பதிவும் இல்ல. காயிதத்துக்குத் தெரியாத கல்யாணத்தக் காயிதத்துக்கிட்ட எதுக்குச் சொல்லோணும்னு நெனைக்கறவ நான். மலையில இருந்து வர்ற இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கேன். ஒருத்தரும் கேட்டதில்ல. இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா வேண்டாம்பா, ரெண்டு நாள் வாக்குவாதம் பண்ணுவா, எனக்கு எங்க நேரம்? "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இதுக்குப் பின்னால ஒண்ணு"ன்னு விரல் வெச்சுக் காட்டினேன். அந்தப் புள்ள படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டுக்கிட்டே போச்சு.

ஆபீசு போர்டுல நோட்டீசு ஒட்டினாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருக்கறவங்க முப்பது நாளைக்குள்ள சொல்லுங்கன்னு. தெனமும் டீ குடிக்கப் போற சாக்குல அந்த போர்ட ஒரு எட்டு பாத்துட்டு வருவேன். இருபது நாள், இருபத்தஞ்சு, முப்பது. ஒரு ஈ காக்கா வரல. யோனாஸ் எங்கடைக்கு வந்து ரெண்டு கையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்க அக்கா"ன்னான். எனக்குத் தலகால் புரியல.

நான் அவகிட்ட ஒண்ண மறைச்சேன்னு சொன்னேன்ல? அவளும் எங்கிட்ட ஒண்ணு சொல்லல. மறைக்கோணும்னு இல்ல, சொல்லோணும்னே அவளுக்குத் தோணல. அவங்க ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குது. தீர்த்துக்கிட்ட பொண்ணு மறுபடியும் கட்டறப்ப, பழைய புருசன் நேர்ல வரோணும். புது மாப்பிள்ளை கையில வெத்தலை பாக்கு குடுத்து, "எனக்கும் இவளுக்கும் ஒண்ணுமில்ல, நல்லா வெச்சுக்க"ன்னு நாலு பேரு முன்னால சொல்லோணும். சொல்லலேன்னா அந்தக் கல்யாணம் முழுசு இல்ல. இளமதி ராசுவக் கூப்புட்டிருந்தா. மலையில கூப்புட்டிருந்தாத் தொலையுதுன்னு விட்றலாம். பாவி மவ, ஆபீசுக்கே வரச் சொல்லிட்டா! அங்கதானே கல்யாணம்?

கல்யாணத்தன்னைக்கு ஆபீசர் பைலப் பொரட்டிக்கிட்டு இருக்கறாரு. சாட்சி மூணு பேரு, நானும் சங்கத்து ஆளுங்க ரெண்டு பேரும். இளமதி அரக்குச் சேலை, தல நெறைய பூவு. யோனாஸ் வேட்டிய அரைஞாண் கயித்துல முடிஞ்சு, கீழ விழுந்துருமோன்னு ஒரு கையால புடிச்சுக்கிட்டே நிக்கறான். அப்பப் பாத்து ராசு உள்ள வர்றான். வெள்ளை வேட்டி, நெத்தி நெறைய திருநீறு, கையில தாம்பாளம். பின்னாலயே ஊர்க்கவுண்டர் அண்ணாமலை.

ஆபீசர் நிமிந்து பாத்து, "நீங்களும் சாட்சியா?"ன்னாரு.

"இல்லீங்க சார். நான் இந்தப் புள்ளையோட பழைய புருசனுங்க"ன்னான் ராசு. "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. அதச் சொல்லி வெத்தலை குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஐயோ! நான் பின்னால இருந்து அவன் சட்டையப் புடிச்சு இழுக்கறேன். அவன் திரும்பி, "என்னங்க்கா?"ங்கறான், சிரிச்ச மொகமா.

ஆபீசர் பேனாவ மூடி வெச்சாரு. "பழைய புருசனா?"

"ஆமாங்க. சந்தேகம்னா எங்க ஊர்க்கவுண்டரையே கேட்டுக்குங்க."

அண்ணாமலை நெஞ்ச நிமித்திக்கிட்டு முன்னால வந்தாரு. "நாந்தானுங்க தீர்த்து வெச்சேன். எட்டு வருசமாச்சு. ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க." அப்புறம் ராசு யோனாஸ் கையில வெத்தலையக் குடுத்தான். யோனாஸுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க போல, ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

"இதுல கல்யாணமே ஆகலைன்னு இருக்குதேம்மா?"ன்னு ஆபீசர் பேப்பர அவ பக்கம் திருப்பினாரு.

இளமதி அதப் படிச்சா. படிச்சுட்டு மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தா. நாலு அறை விட்டிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

ஆபீசர் மேல குத்தம் சொல்ல மாட்டேன். நல்ல மனுசன். "நான் கண்ண மூடிக்கிட்டுப் பண்ணி வெச்சாலும் நாளைக்கு எம்பசியில நிக்காதும்மா. கோர்ட்டுத் தீர்ப்பு கொண்டாங்க. பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு நான் மேல எழுதினா கேஸாயிரும், எழுதல. எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னு பைலத் திருப்பிக் குடுத்தாரு. என் கடையில எழுதின பைலு. யோனாஸ் வெத்தலையக் கையில ஏந்தினபடியே ஒவ்வொருத்தர் மொகமாப் பாத்து, "என்ன ஆச்சுங்க? என்ன ஆச்சுங்க?"ங்கறான்.

வெளிய வந்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துது. தப்புப் பண்ணினவளுக்குத்தானே கோவம் மொதல்ல வரும். "அந்த ஆள யாருடி வரச் சொன்னா? கூறு இருக்குதா உனக்கு?"ன்னு ரோட்டுலயே கத்தினேன்.

"அவரு வராம எப்படிக்கா?"ன்னா. "நடந்தத எழுதச் சொன்னேன். நான் படிச்சுக்கூடப் பாக்கல, உங்கள நம்பி."

"எழுதியிருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்கடி!"

"அனுப்பட்டும். பொய்க்காரின்னு அனுப்பியிருக்க மாட்டாங்கல்ல?"

ராசு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான். உண்மையச் சொன்னதுல என்ன கெட்டுப் போச்சுன்னு அவனுக்குக் கடைசி வரைக்கும் புரியல.

யோனாஸுக்கு விசா முடிய இன்னும் பதினொரு நாள்தான். போய்ட்டான். நீங்க நெனைக்கற மாதிரி ஏமாத்திட்டெல்லாம் போகல. ஞாயித்துக்கெழமை தவறாம போன் பண்ணுவான், திரும்பி வாரேன் திரும்பி வாரேன்னு சொல்லுவான். ஆனா வந்து என்ன பண்றது, காயிதம் இல்லாம? இளமதி சங்கத்துக்குப் போவா, வருவா. எங்கடையத் தாண்டித்தான் பஸ் ஏறோணும். தலையத் திருப்பிக்கிட்டுப் போயிருவா.

நானே நாமக்கல் போய் ஒரு வக்கீலப் பாத்தேன். அவரு மூக்குக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "ஊர் வழக்கப்படி தீர்ந்ததுன்னு கோர்ட்டுல நிரூபிக்கலாம். அஞ்சு வருசம் ஆகும், ஆறும் ஆகும். சுருக்கா முடியோணும்னா வேற வழி இருக்குது. அந்தப் பழைய கல்யாணத்த இப்பப் பதிவு பண்ணிருங்க. சர்டிபிகேட் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து விவாகரத்து கேளுங்க. ஒரு வருசம், ஒன்றரை வருசத்துல தீர்ப்பு கையில."

"தீர்ந்து போன கல்யாணத்த இப்பவும் இருக்குதுன்னு எழுதோணுங்களா?"

"ஆமா. இன்னைக்கும் புருசன் பொஞ்சாதிதான்னு எழுதோணும். அந்த ஆளு இப்ப வேற யாரோடயாவது இருக்கானா?"

"கட்டிக்கிட்டானுங்க. ரெண்டு கொழந்தைங்க."

"அது பேப்பர்ல வரவே கூடாது. மொத சம்சாரம் இருக்கறப்ப ரெண்டாவதுன்னு ஆயிரும். அந்தம்மா சட்டப்படி யாருமே இல்ல, தெரியுமில்ல? நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னாக்கூட அந்தம்மா உரிமை கொண்டாட முடியாது"ன்னாரு.

கருமம், நீங்களே சொல்லுங்க. சின்னப் பொய் எழுதினப்ப வெளிய தள்ளினாங்க. இப்ப மலையளவு பொய்ய எழுதிக்கிட்டு வா, சீல் அடிச்சுத் தர்றோம்ங்கறாங்க.

இளமதிகிட்டச் சொன்னேன். "ராமாயி என்னக்கா ஆவா?"ன்னுதான் மொதல்ல கேட்டா. "எனக்கு வேண்டாம்"னு எந்திரிச்சுப் போய்ட்டா. ரெண்டு மாசம் அந்தப் பேச்சே இல்ல. அதோட விட்டிருக்கலாம் நான். விடலியே! என் காயிதம் ஒண்ணு திரும்பி வந்து கெடக்குது, அத நேராக்காம எனக்குத் தூக்கம் வரல. ராசுவுக்கு ஆளனுப்பிச் சொல்லிட்டேன்.

ராசு மட்டும் வருவான்னு பாத்தா ராமாயியையும் கூட்டிக்கிட்டு வந்தான். சின்னப் பொம்பளை, வெடவெடன்னு இருப்பா. ஒரு பையில பலாச்சுளை கொண்டாந்திருந்தா எனக்கு.

"எம் புருசன் வாயாலதானுங்க்கா அந்தப் புள்ள கல்யாணம் கெட்டுது. நாங்கதான் சரி பண்ணோணும். அவரு போய்க் கையெழுத்துப் போடட்டும்"ன்னா.

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லியா கண்ணு?"

"காயிதந்தானுங்களே! யாரு யாரோட பொஞ்சாதின்னு ஊருக்குத் தெரியாதுங்களா?"ன்னு சிரிச்சா.

அப்பச் சொல்லியிருக்கோணும் நான். ஊருக்குத் தெரிஞ்சா பத்தாது கண்ணு, இந்தக் காயிதத்துல ஒருக்கா விழுந்துட்டா நீ யாருமில்லாதவளாயிருவேன்னு அந்த வக்கீல் சொன்னத வரிக்கு வரி சொல்லியிருக்கோணும். "ஒரு வருசந்தான் கண்ணு, அப்புறம் எல்லாம் சரியாயிரும்"ன்னுதான் வாயில வந்துது. அவ குடுத்த பலாச்சுளைய வாங்கி வெச்சுக்கிட்டேன்.

அப்புறம் ராமாயியே போய் இளமதியப் புடிச்சு உலுக்கியிருக்கா. இளமதி திரும்பி எங்கிட்ட வந்தா. "ராமாயிக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா? உங்களத்தான் கேக்கறேன்."

"ஆகாது"ன்னேன். ரெண்டாந்தடவையும் அந்தப் புள்ள என்னைய நம்புச்சு.

பதிவுக்கு ஜோடிப் போட்டோ வேணும். எங்கடைக்குப் பக்கத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இளமதியும் ராசுவும் நடுவுல ஒரு ஆளு நிக்கற அளவுக்கு எடம் விட்டு நின்னாங்க. போட்டோ எடுக்கற பையன், "என்னங்க்கா, சண்டையா? கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, சிரிங்க"ன்னான். இளமதிக்குக் கண்ணு கலங்கிருச்சு. ராமாயி கதவோரம் நின்னவ உள்ள வந்து, ராசு தோள்ல கைய வெச்சு ஒரு அடி தள்ளி, இளமதி பக்கத்துல நிறுத்தினா. இளமதியோட சேலைத் தலைப்பையும் இழுத்துச் சரி பண்ணினா. "இப்ப எடுங்க"ன்னா.

ஆபீசுக்கு மூணு சாட்சியோட வரச் சொல்லியிருந்தாங்க. நான் ஒருத்தி, சங்கத்து ஆளு ஒருத்தரு, மூணாவது அண்ணாமலை. ஆபீசு வாசப்படி வரைக்கும் வந்த மனுசன் அங்கயே நின்னுட்டாரு.

"இன்னும் புருசன் பொஞ்சாதிதான்னு நான் கையெழுத்துப் போடோணுமா? துரும்பு கிள்ளிக் குடுத்த கை இது. ஊரு சோறு தின்னுட்டுப் போயிருக்குது. என்னால ஆகாதுங்க"ன்னாரு.

"காயிதத்துக்குத்தானுங்களே"ன்னேன்.

"எதுக்கா இருந்தா என்ன? பொய்யி பொய்யிதானுங்களே"ன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டப் பாத்து நடந்துட்டாரு.

உள்ள பேரு கூப்புடறாங்க. இன்னைக்கு விட்டா இன்னொரு தேதி வாங்க ஒரு மாசம். மூணாவது சாட்சிக்கு எங்க போறது? நான் கைய பெசஞ்சுக்கிட்டு நிக்கறேன். ராமாயிதான், "எங்கிட்ட ஆதார் இருக்குதுங்க்கா, நான் போடறேன்"ன்னா.

இளமதி, "வேண்டாம்"னா. "வேண்டாம் ராமாயி, ஊட்டுக்குப் போலாம் வா"ன்னு அவ கையப் புடிச்சு இழுத்தா.

"அட சும்மா இரு புள்ள. அந்த ஆளு அவங்க நாட்டுல உனக்காக உக்காந்திருக்குது"ன்னு ராமாயி கைய விடுவிச்சுக்கிட்டா.

அவ ஆதார வாங்கிப் பாத்தேன். இன்னும் அப்பன் பேருதான் இருந்துது, புருசன் பேரு ஏத்தல. அப்பாடா, தப்பிச்சோம்னு நெனச்சேன். அப்படி நெனச்ச என் மனச எந்தச் செருப்பால அடிக்கறது?

ஆபீசர் போட்டோவப் பாத்தாரு, பாரத்தப் பாத்தாரு. "இப்ப ஒழுங்கா எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க"ன்னாரு எங்கிட்ட. ராசு கையெழுத்துப் போட்டான். இளமதி போட்டா, எழுத்து கோட்டுக்குக் கீழ போயிருச்சு. சங்கத்து ஆளு போட்டாரு, நான் போட்டேன். சாட்சி வரிசையில கடைசிக் கட்டம் ஒண்ணு காலியா இருந்துது. சாட்சி, மணமக்களுக்கு என்ன உறவு?

"சீக்கிரம் எழுதுங்கம்மா"ன்னாரு ஆபீசர்.

பேனா என் கையில. ராசு கீழ குனிஞ்சுக்கிட்டான். இளமதி செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா. நான் இங்கிலீசுல 'தெரிந்தவர்'னு எழுதி, அந்தப் பேப்பர ராமாயி முன்னால தள்ளினேன்.

அவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. இங்கிலீசு எழுத்து மேல விரல வெச்சுப் பாத்தா. "என்னங்க்கா எழுதியிருக்குது?"ன்னு கேட்டா.

"சொந்தக்காரின்னு எழுதியிருக்குது கண்ணு"ன்னேன்.

"அது சரிதானுங்க"ன்னுட்டு, நான் விரல் வெச்சுக் காட்டின எடத்துல, ஒவ்வொரு எழுத்தா, ராமாயின்னு போட்டா.

அந்தக் காயிதம் திரும்பி வரலீங்க.